யாரிடம் சொல்வது, யாரிடம் வேண்டாம்: அந்தரங்க ஆசைகள் பற்றி டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படுக்கையறையில் தனக்கு என்ன பிடிக்கும் என்பதை அடுத்தவரிடம் சொல்லலாமா என்ற கேள்விக்குச் சென்னையில் கிடைக்கும் பதில் கும்பகோணத்தில் செல்லாது. அங்கே பக்கத்து ஃபிளாட்காரருக்கு உங்கள் பெயரே தெரியாமல் இருக்கலாம். இங்கே ரெண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர். மெடிக்கல் ஷாப்காரர் அப்பாவோடு படித்தவர். பார்சல் கொண்டுவரும் தம்பி பெரியம்மா ஊர்க்காரர். எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று தெரிந்த நமக்கு, எந்தக் காதில் போட்டால் எந்த வீட்டுக்குப் போகும் என்பதும் தெரியும். ஆனால் மனசு கனத்துப்போயிருக்கும் ராத்திரியில் அது மறந்துவிடும்.

எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்பவரே நேர்மையானவர், சொல்லாதவர் கோழை என்று ஒரு பேச்சு இப்போது நிறையக் கேட்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் ஆசை யாருடைய உடம்பையும் வாழ்க்கையையும் தொடுகிறதோ, அவருக்குச் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு உண்டு, அதுவும் காலத்தோடு. வேறு யாருக்கும் அந்தக் கடன் கிடையாது. கேட்க விரும்பாதவர் காதில் போடும் உரிமையும் உங்களுக்குக் கிடையாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்காக எழுதியது.

படி 1: சொல்ல வந்தது எந்த வகை?

ஆசை என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நாலு வகை இருக்கிறது.

முதலாவது, ருசி. கட்டிப்போடுவது அல்லது கட்டுப்படுவது, அதட்டலுக்குப் பணிவது, ஒரு குறிப்பிட்ட உடை, பாதத்தின் மேல் ஈர்ப்பு, வேஷம் போட்டு நடிப்பது போன்றவை. இதெல்லாம் வியாதியோ என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமுள்ள பெரியவர்களுக்கு இடையிலான இந்த மாதிரி விருப்பங்கள் அதில் நோயாக இல்லை. முந்தைய பட்டியலில் இருந்தவற்றை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் 2013-லேயே வழக்கத்துக்கு மாறான விருப்பம் வேறு, கோளாறு வேறு என்று பிரித்துவிட்டது. ஆகவே யாரிடமாவது சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் இது என்ற நினைப்பை முதலில் கழற்றி வையுங்கள். அந்த நினைப்போடு பேசப் போனால், கேட்பவரும் குற்றவாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

இரண்டாவது, நீங்கள் யார் என்பது. தன்பாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி. இதை ருசியோடு சேர்த்துப் பேசக்கூடாது. ருசியை ஆயுசுக்கும் ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். இதை மறைத்தால் வாழ்க்கை முழுவதையும் மறைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஈர்ப்பே இல்லாமை. இதற்கு நம் பக்கம் காதே கிடையாது. 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும்' என்று முடித்துவிடுவார்கள். சரியாகப் போகாது. துணையாக வரப்போகிறவருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

நான்காவது, எதிராளி சம்மதிக்காத அல்லது சம்மதிக்கவே முடியாத ஆசை. குளிக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பது, கூட்டத்தில் உரசுவது, குழந்தைகள் பற்றிய நினைப்பு. இதை நண்பனிடமோ மனைவியிடமோ கொட்டி ஆற்றிக்கொள்ள முடியாது. நேரே மனநல மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்க்கலாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 23, நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. மனதில் நினைப்பு இருக்கிறது என்பதற்காக யாரும் உள்ளே தள்ள மாட்டார்கள். செயலாக மாறினால் கதை வேறு: குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயம், மருத்துவருக்கும்தான். முதலில் போனில் பேசிப்பார்க்கலாம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, மாசத்தில் குறிப்பிட்ட தேதியில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களிடம் மட்டும் போகாதீர்கள். உங்கள் வெட்கம்தான் அவர்களுடைய முதலீடு. லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் அழுத பிறகும், ஏமாந்ததை வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தன்பாலீர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்பவர் படித்த டாக்டராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். 2021 ஜூன் 7-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட 'சிகிச்சை'க்குத் தடை விதித்தார். அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

படி 2: ஏன் இப்போது சொல்லத் தோன்றுகிறது?

துணை ஒருவர் வேண்டும் என்பது ஒரு காரணம். தனியாகச் சுமக்க முடியவில்லை என்பது இன்னொன்று. எப்படியும் மாட்டிக்கொள்வோம், முந்திக்கொள்வோம் என்பதும் உண்டு. எதிராளியை அதிரவைத்துப் பார்க்கும் ஆசை, ரெண்டு கிளாஸ் உள்ளே போன தைரியம், சண்டையில் வாய்தவறி வருவது ஆகியவையும் காரணங்கள்தான், ஆனால் இந்தக் கடைசி மூன்றில் வாயைத் திறந்தவர்கள் மறுநாள் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. நீங்கள் சொல்லி முடித்ததும் அந்த ஆள் 'சரி' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டால் உங்களுக்குப் போதுமா? போதும் என்றால் உங்களுக்கு வேண்டியது காது. அது நல்ல நண்பரிடமும் கிடைக்கும், முகம் தெரியாத ஆலோசகரிடமும் கிடைக்கும். போதாது, அவர் ஏதாவது செய்ய வேண்டும், மாற வேண்டும், ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் அது கோரிக்கை. கோரிக்கையை மனசாட்சிப் பேச்சு மாதிரி ஜோடித்துக்கொண்டு போகக்கூடாது. கேட்பவருக்குத் தான் எதற்குப் பதில் சொல்கிறோம் என்றே புரியாது.

படி 3: கல்யாணத்துக்கு முன்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பூ வைத்து, நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடித்த பிறகு ஒருவர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வழியே அடைபட்டுப் போயிருக்கும். அப்போது அவர் சொல்லும் 'சரி'க்கு மதிப்பில்லை. பேசுவதானால் பெண் பார்த்ததற்கும் நிச்சயத்துக்கும் நடுவில் பேசுங்கள். இப்போதெல்லாம் அந்த இடைவெளியில் ரெண்டு பேரும் போனில் பேச வீட்டிலேயே விடுகிறார்கள்.

எதைச் சொல்ல வேண்டும்? அது இல்லாமல் உங்களால் தாம்பத்தியம் நடத்தவே முடியாது என்றால் சொல்ல வேண்டும். ஈர்ப்பே இல்லையென்றால் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பு உள்ளவர், வீட்டு வாயை அடைக்கக் கல்யாணம் செய்துகொள்வது எனக்குச் சம்மதமில்லாத காரியம். இன்னொருவர் வாழ்க்கையைக் கொண்டு நம் வீட்டு மானத்தை மூடுவது அது. சட்டமும் இதைப் பார்க்கிறது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 12-இன்படி, முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால், தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம்.

எதைச் சொல்ல வேண்டாம்? இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டாலும் போகட்டும் என்கிற ருசிகளை முன்பின் தெரியாதவரிடம் போனில் விவரிக்க வேண்டியதில்லை. அது அவரைச் சங்கடப்படுத்தும். தவிர, கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பேச்சு ரெண்டு குடும்பத்தையும் சுற்றி வரும். 'தாம்பத்திய விஷயத்துல நமக்குள்ள கூச்சமில்லாமப் பேசிக்கணும்னு நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி?' என்ற ஒரு கேள்வி போதும். அதற்கு வரும் பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

பெண்களுக்கு இதே ஆலோசனையை அப்படியே கொடுக்க முடியாது. ஒரு ஆண் தன் ஆசையைச் சொன்னால் 'ஒரு மாதிரி' என்பார்கள். ஒரு பெண் சொன்னால் 'இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?' என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வி பத்து வருஷம் கழித்தும் சண்டையில் திரும்ப வரும். ஆகவே பெண்கள் சொல்வதற்கு முன் ஆளைச் சோதித்துப் பார்ப்பது தப்பே இல்லை. அவர் கேட்கும் சின்ன விஷயம் ஒன்றுக்கு, ஒரு போட்டோவுக்கோ ராத்திரி பதினொரு மணிப் பேச்சுக்கோ, 'வேண்டாங்க' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்குகிறதா, திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, 'சரிம்மா, விடு' என்று விட்டுவிடுகிறாரா? சின்ன மறுப்பைத் தாங்காதவரிடம் பெரிய விஷயத்தைக் கொடுத்து வைக்காதீர்கள்.

படி 4: கல்யாணத்துக்குப் பின்

கூடவே படுத்து எழுபவருக்குச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். மறுநாள் காலையில் அதே முகத்தைப் பார்த்து இட்லி வைக்க வேண்டும் அல்லது வாங்கிச் சாப்பிட வேண்டும்.

இடத்தை முதலில் தேடுங்கள். மாமியார் மாமனார் ஹாலில் படுத்திருக்க, உள்ளே மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் குசுகுசுப்பது வேலைக்காகாது. கல்லணைக்கோ பூம்புகாருக்கோ ரெண்டு பேருமாகப் போய்விட்டு வருகிற நாளில், கூட்டம் இல்லாத பக்கம் உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல். படுக்கையில் அந்த நேரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அப்போது கேட்டால் அது பேச்சாக இருக்காது, நெருக்குதலாகத்தான் இருக்கும். அறுவடைக் கடன் நெஞ்சை அடைக்கும் மாசம், வீட்டில் கல்யாண வேலை ஓடும் சமயம், ஒருவர் குடித்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள்.

பேச்சு எப்படி இருக்கலாம் என்றால்:

'ஒரு விஷயம் சொல்லணும். பயப்படாத, வேற யாரும் இதுல இல்ல. எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை இருக்கு, சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இன்னைக்கே நீ பதில் சொல்லணும்னு இல்ல.'

'என்னங்க, சுத்தி வளைக்காம சொல்லுங்க.'

அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயத்தை ரெண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். பட்டியல் வேண்டாம். பார்த்த வீடியோவைக் காட்டுவது அறவே வேண்டாம். அதில் இருக்கும் ஆளோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கேட்பவர் மனசு உடைந்துவிடும். 'வேற யாரும் இதுல இல்ல' என்பதைச் சொல்ல மறக்காதீர்கள், அது உண்மையாக இருந்தால். ஏனென்றால் எதிரில் இருப்பவர் மனசில் முதலில் எழும் சந்தேகம் அதுதான்; இரண்டாவது, 'அப்ப நான் போதலையா?'. இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை அவர் காதில் வேறு எதுவும் ஏறாது.

மறுத்தால்? மறுத்ததுதான். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, 'மத்தவன் பொண்டாட்டியெல்லாம்' என்று ஆரம்பிப்பது, பணம் கொடுப்பதை நிறுத்துவது எல்லாமே வற்புறுத்தல். கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதைப் பாலியல் வன்கொடுமை என்று நம் குற்றவியல் சட்டம் இன்னும் சொல்லவில்லை என்பது வெட்கக்கேடு. ஆனால் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலும் வன்முறைதான். கொடுமை என்ற காரணத்தில் விவாகரத்தும் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181.

ஒத்துக்கொண்டால், நிறுத்து என்பதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; யார் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கழுத்தை இறுக்குவதைத் தொடவே வேண்டாம். அதில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது. தழும்பே தெரியாமல் மூளைக்கு ரத்தம் நின்றுபோகலாம். பலத்த காயம் ஏற்பட்டால் 'அவங்களே சம்மதிச்சாங்க' என்பது சட்டத்தில் நிற்காது. இன்னொன்று, ஒத்துக்கொண்ட பிறகு அது ரெண்டு பேர் ரகசியம். உங்கள் பாதியைச் சொன்னால் அவர் பாதியும் சேர்ந்துதான் வெளியே வரும். ஆகவே நண்பனிடம் சொல்ல வேண்டுமென்றாலும் துணையைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

படி 5: அப்பா அம்மாவுக்கு

ருசி என்றால் கேள்வியே இல்லை, சொல்லாதீர்கள். எந்த அம்மாவுக்கும் அது தேவையில்லை.

தன்பாலீர்ப்பு, பால் அடையாளம் என்றால் வேறு. சட்டம் பெரிய அளவில் உங்கள் பக்கம் வந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 6-இல் வயது வந்தவர்களின் சம்மத உறவை, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவிலிருந்து உச்சநீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லவே இல்லை. தன்பாலினத் திருமணத்துக்கு மட்டும் 2023-இல் நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை.

தீர்ப்பு டெல்லியில் வந்தது, சோறு அம்மா கையில் இருக்கிறது. சொல்வதற்கு முன் கையில் காகிதம் எடுத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்: வீட்டை விட்டுப் போகச் சொன்னால் அன்று ராத்திரி எங்கே தங்குவீர்கள்? மூன்று மாசத்துக்குப் பணம் இருக்கிறதா? மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக் உங்கள் கையில் இருக்கிறதா, அப்பா பீரோவில் இருக்கிறதா? படிப்புச் செலவை யார் கட்டுகிறார்கள்? தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? தங்கை வரனைக் காரணம் காட்டி உங்கள் வாயை ஆயுசுக்கும் அடைப்பது நியாயமில்லைதான். ஆனாலும் ஆறு மாசம் தள்ளிப்போடுவது தோல்வியும் ஆகாது. பதில்கள் மோசமாக இருந்தால் முதலில் வேலை, அப்புறம் திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு அறை, அதற்கு அப்புறம் பேச்சு. வீட்டில் நிலபுலன் இருந்தால், பேச்சு முறியும் நேரத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று எதையாவது நீட்டுவார்கள்; உணர்ச்சிவசப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

யார் மூலமாகச் சொல்வது என்பதற்கு நம் அகப்பாடல்களில் நல்ல வழி இருக்கிறது. தலைவி தன் காதலை நேரே அப்பாவிடம் போய்ச் சொல்வதில்லை. தோழிக்குச் சொல்கிறாள், தோழி வளர்த்த தாயான செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தகப்பனுக்கும் தமையனுக்கும். அறத்தொடு நிற்றல் என்று அதற்கு இலக்கணமே உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பக்கம் ஒரு ஆள் கூடிக்கொண்டே போகிறார். இன்றைக்கு அந்தத் தோழி சித்தியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், அண்ணியாகவும் இருக்கலாம். செய்தியில் வந்த ஏதாவது வழக்கைப் பற்றிப் பேச்செடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்று ரெண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எதையெல்லாம் ஃபார்வர்ட் செய்கிறார் என்பதும் ஒரு தகவல்தான்.

பூட்டி வைத்தால், அடித்தால், பேயோட்டக் கூட்டிப்போனால், அது குடும்ப விஷயமாக இருக்காது. 2025 மே மாதம், வீட்டார் அடைத்து வைத்த ஒரு பெண்ணை அவளுடைய தோழி ஆட்கொணர்வு மனுவில் மீட்ட வழக்கில், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. நம்பகமான ஒருவரிடம் 'இத்தனை மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு' என்று முன்பே சொல்லி வையுங்கள்.

படி 6: நண்பர்கள், ஆபீஸ், தெரு

ஒரு நண்பர், ஒரே ஒருவர், போதும். அவரிடமும் 'இது உன்னோட இருக்கட்டும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புரிந்துகொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. கல்யாணமான நண்பர் என்றால் அவர் மனைவிக்கும் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் சொல்லாதீர்கள். இதில் எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. பெண்களுக்கு எதிரான பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, விரும்பத்தகாத பாலியல் சாயல் கொண்ட பேச்சே புகாருக்குப் போதும். 'நான் என்னைப் பற்றித்தானே சொன்னேன்' என்பது பதில் ஆகாது; எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கேட்க ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடை, சலூன், கல்யாண மண்டபத்து மொட்டைமாடி எல்லாவற்றுக்கும் இதேதான்.

படி 7: சொல்லாமல் இருப்பதென்றால் ஒழுங்காக இருங்கள்

சொல்லவில்லை என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் மாட்டுவது போனில்தான். வீட்டு டிவியில் உங்கள் கூகுள் கணக்கு திறந்திருந்தால் போனில் தேடியது அங்கே எட்டிப் பார்க்கும். போட்டோ தானாகவே கிளவுட் கணக்கில் ஏறி, அப்பா டேப்லெட்டில் தெரியும். போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, உள்ளே இருப்பதை மறைத்து வைக்கும் பராமரிப்பு மோட் (மெயின்டனன்ஸ் மோட்) இருந்தால் போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் முக்கியமானதை நகல் எடுத்துவிட்டு அழித்துக் கொடுங்கள். பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு 'நாளைக்கு வரேன்' என்று போகாதீர்கள். யூபிஐ கட்டணம் பாஸ்புக்கில் கடைப் பெயரோடு அச்சாகும்; அந்தப் பாஸ்புக்கை என்ட்ரி போட அப்பாதான் பேங்குக்குப் போவார்.

பார்சல் வீட்டு முகவரிக்கு வேண்டாம். நம் வீடுகளில் பார்சல் வந்தால் பெயர் பார்த்துத் திறக்கும் பழக்கமில்லை, யார் கையில் கத்தரிக்கோல் இருக்கிறதோ அவர் திறப்பார்.

முகமும் உடம்பும் சேர்ந்து தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டுச் சுவர்க் காலண்டர், மச்சம், தாலி, பச்சை குத்தியது எல்லாம் அடையாளம்தான்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர் சட்டம் விமானம் ஏறி உங்களோடு வராது. சவூதி, குவைத், கத்தார், அமீரகத்தில் தன்பாலின உறவு இன்றும் குற்றம். மலேசியாவிலும் குற்றம். சிங்கப்பூரில் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய பிரிவை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், ஆனால் ஆபாசப் படம் கைவசம் வைத்திருப்பதே அங்கே குற்றம். கிளம்புவதற்கு முன் போனைத் துடைத்துவிடுங்கள், டேட்டிங் செயலிகளையும் சேர்த்து.

படி 8: யாரோ மிரட்டினால்

வழக்கமான தந்திரம் இப்படி இருக்கும்: டேட்டிங் செயலியில் பழக்கம், வீடியோ கால், அடுத்த நிமிஷம் ஸ்கிரீன்ஷாட்டோடு 'உங்க அப்பா நம்பர் என்கிட்ட இருக்கு'. நேரில் சந்திக்கக் கூப்பிட்டு நாலு பேராக வந்து பறிப்பதும் உண்டு. முதல் சந்திப்பைக் கூட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஆற்றோரத் தோப்புக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால், இந்த ஆள் கொடுப்பான் என்று தெரிந்துவிடும். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எண், கணக்கு விவரம் எல்லாம். அதற்குப் பிறகு பிளாக் செய்யுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மிரட்டிப் பணம் பறிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 308-இல் ஏழு வருஷம் வரை சிறை. சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எடுக்கச் சம்மதித்த பெண் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அப்போதும் குற்றம்தான், அது சன்ஹிதா பிரிவு 77. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையில், படத்தை யாருக்கும் அனுப்பாமல் அதன் டிஜிட்டல் ரேகையை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கிக் கொடுக்கலாம். அதில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்கள் அந்தப் படம் பரவுவதைத் தடுக்கும்.

மிரட்டலை உடைக்க வேறொரு வழியும் உண்டு. மிரட்டுபவன் சொல்லப்போகும் ஆளிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்வது. அப்போதும் முழுக்கதை வேண்டாம். 'என் போன்லேருந்து ஏதோ எடுத்து மிரட்டுறாங்க, போலீஸ்ல சொல்லியிருக்கேன், உனக்கு ஏதாவது வந்தா திறக்காம எனக்குச் சொல்லு.' அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் அண்ணனோ மச்சானோ பெரும்பாலும் கதையை விட்டுவிட்டு மிரட்டியவனைத் தேடத்தான் கிளம்புவார்கள். அவர்களை அரிவாளோடு கிளம்பவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் அடுத்த வேலை.

ஊருக்கே தெரிந்துவிட்டால் ஒவ்வொருவரிடமும் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். 'அது என் சொந்த விஷயம்' என்று ஒரே பதிலை ஒரே குரலில் சொல்லுங்கள். கொஞ்ச நாள் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதும் ஓடிப்போவது ஆகாது. தூக்கம் போய், சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே 14416.

படி 9: உங்களிடம் ஒருவர் வந்து சொன்னால்

சிரிக்காதீர்கள், அதிர்ச்சியாக இருந்தால் 'எனக்குக் கொஞ்சம் புதுசா இருக்குடா, சொல்லு' என்று அதையே சொல்லுங்கள். விவரம் கேட்டுக் குடையாதீர்கள். கேட்கப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம்: 'மாப்ள, இது எனக்குச் சங்கடமா இருக்கு, ஆனா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.' உங்கள் மேலேயே ஆசை என்று சொன்னால், முடியாது என்பதைத் தெளிவாக, அவமானப்படுத்தாமல் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் ஒரு கேள்வி மட்டும் அவசியம்: 'வேற யாருக்குத் தெரியும்?' யார் முன்னால் உங்கள் வாயைக் கட்ட வேண்டும் என்பது அதில்தான் தெரியும். அப்புறம் அவராக மறுபடி எடுக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், கிண்டலாகக்கூட, ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போதுகூட.